குழாய் நீருக்கும் கரி எரிகிறது

ஸுப்ஹுத் தொழுகைக்கு எழும் வேளையில், நம் இல்லங்களில் பாங்கோசைக்கு அடுத்தபடியாகக் கேட்கும் ஓசை எது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா, வாசக நேயர்களே? நீரேற்றும் மோட்டாரின் ஓசைதான் அது. வீட்டில் முதலில் கண்விழிப்பவர் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிவிட்டு ஒளூச் செய்யப் போகிறார். தொழுது முடித்து எழுவதற்குள் மாடித் தொட்டி நிறைந்து வழியத் தொடங்கிவிடுகிறது. வழியும் சத்தம் காதில் விழுந்த பிறகே யாரேனும் ஓடிச் சென்று அதை நிறுத்துகிறார்கள்.

நம் பாட்டிமார் காலத்தில் நீர் இப்படி வழிந்ததில்லை. கயிற்றைப் பிடித்து இறைத்தவர்களின் தோள்களுக்கு நீரின் எடை தெரிந்திருந்தது. பத்து லிட்டர் வாளி என்றால் பத்துக் கிலோ. நகரங்களுக்கான குடிநீர்த் திட்டங்களில் ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு அது 675 லிட்டர். மாதத்துக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். அதாவது 20 டன். இரண்டு லாரிச் சுமையை மாதந்தோறும் பூமிக்கு அடியிலிருந்து மாடிக்கு ஏற்றிக் கொண்டிருக்கிறோம். தூக்குகிறவர் கண்ணுக்குத் தெரியாததால் சுமையும் தெரிவதில்லை. தூக்குகிறவர் யார்? எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் உலையில் எரிகின்ற நிலக்கரி.

நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. காற்றாலை, சூரிய ஒளி, நீர்மின்சாரம், அணுமின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி கண்டாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வான்மண்டலத்தில் கலக்கிறது. பூமியைப் போர்வைபோல மூடி வெப்பத்தைக் கூட்டும் வாயு இது. அப்படியானால் நம் வீட்டுக் குடத்து நீரில் எவ்வளவு கரி கலந்திருக்கிறது? இதை அறிய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்கள் பிள்ளையே கணக்கிட்டுச் சொல்லிவிடுவான்.

ஆயிரம் லிட்டர் நீரை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க இயற்கை கேட்கும் கூலி கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். சரியாகச் சொன்னால் 0.27 யூனிட். ஆனால் வீட்டு மோட்டார் வாங்கும் மின்சாரம் முழுவதையும் நீரைத் தூக்குவதற்குச் செலவிடுவதில்லை. பாதிக்கு மேல் சூடாகவும் இரைச்சலாகவும் போய்விடுகிறது. ஆகவே உண்மைச் செலவு ஏட்டுக் கணக்கைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு ஆகும்.

இப்போது மூன்று வீடுகளை நினைத்துக் கொள்ளுங்கள். மூன்றிலும் ஐந்து பேர், மாதம் 20,000 லிட்டர். முதல் வீட்டில் முப்பதடிக் கிணறு. அதிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். மாதச் செலவு 3 யூனிட்டைத் தாண்டாது. கரியமில வாயு இரண்டு கிலோ. இரண்டாம் வீட்டில் கிணறு வற்றிவிட்டது. அறுநூறு அடிக்குப் போர் இறக்கியிருக்கிறார்கள், நீரும் அடியில்தான் நிற்கிறது. அங்கே மாதம் 26 யூனிட். வாயு 18 கிலோ. மூன்றாம் வீட்டின் குழாயில் வருவது கடலிலிருந்து உப்பு நீக்கிய நீர். அந்த வீட்டுக்காரர் தம் மின் கட்டணச் சீட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அவருக்காக எங்கோ ஓர் ஆலையில் மாதம் 70 யூனிட் செலவாகிக் கொண்டிருக்கிறது. வாயு ஏறத்தாழ 50 கிலோ. ஆலையிலிருந்து அவருடைய தெருவுக்குத் தள்ளிக் கொண்டுவரும் செலவு இதில் சேரவில்லை.

மூன்று வீடுகளிலும் நீர் ஒன்றே, ஒளூவும் ஒன்றே, சமையலும் ஒன்றே. அது வந்த வழிதான் வேறு.

கடலைக் குடிநீராக்கும் விலை

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கரைந்த உப்பு தானாகப் பிரிந்து வராது. மெல்லிய சவ்வுகளின் வழியே, காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் 60 மடங்கு அழுத்தத்தில் நீரைத் தள்ள வேண்டும். நீர் மறுபுறம் செல்லும், உப்பு தங்கிவிடும். உள்ளே எடுத்த நீரில் பாதிக்கு மேல் இன்னும் கூடுதலான உப்போடு கடலுக்கே திரும்பும். நல்ல ஆலைகள் இப்படித் திரும்பும் நீரின் அழுத்தத்தைப் பிடித்து மீண்டும் பயன்படுத்திக் கொள்கின்றன. அப்படியிருந்தும் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை ஆகிறது. எத்தகைய சவ்வைக் கண்டுபிடித்தாலும், பாதி நீரைப் பிரித்தெடுக்க ஒரு யூனிட்டுக்குக் கீழே இறங்க முடியாது. அது இயற்கை வகுத்த எல்லை. அதனோடு பேரம் பேச எந்தப் பொறியியலாளராலும் இயலாது.

சென்னையின் கதையை எடுத்துக் கொள்ளுங்கள். 1996-ல் கிருஷ்ணா நீர் முதன்முதலாகப் பூண்டிக்கு வந்தது. கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடி வருகின்ற நீர் அது. 2004-ல் வீராணம் ஏரியின் நீர் 235 கிலோமீட்டர் தூரம் இராட்சதக் குழாயில் தள்ளப்பட்டு நகரை அடைந்தது. 2010-ல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலும், 2013-ல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரக்கூடிய கடல்நீர் ஆலைகள் எழுந்தன. 2024-ல் நெம்மேலியிலேயே பதினைந்து கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. பேரூரில் நாற்பது கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஓடிவந்த நீர், பிறகு தள்ளப்பட்ட நீர், பிறகு பிழியப்பட்ட நீர் என்று ஒவ்வொரு படியிலும் மின்சாரச் செலவு ஏறிக்கொண்டே போவதைப் பாருங்கள். பத்துக் கோடி லிட்டர் ஆலை முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு மூன்றரை இலட்சம் யூனிட் ஆகும். கரியமில வாயு, நம் கணக்குப்படி, 245 டன்.

ஆலைகளைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு வெடித்தபோது, அந்த ஆலைகள் இல்லையென்றால் நகரின் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரயிலாவது பரவாயில்லை. தெருத்தெருவாய் ஓடிய லாரிகளின் கணக்கு வேறு. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி போய்வர நாற்பது கிலோமீட்டர் ஓடிப் பத்து லிட்டர் டீசல் எரித்தால், அந்த டீசலிலிருந்து 27 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ஆயிரம் லிட்டருக்கு இரண்டே கால் கிலோ என்று ஆகிறது. கடலைப் பிழிந்தெடுப்பதற்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ஸுபைதா அம்மையாரின் கால்வாய்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்த வாசகர்கள், மக்கா நகரத் தங்குமிடத்தில் குழாயைத் திறந்தவுடன் நீர் கொட்டியதை அனுபவித்திருப்பீர்கள். சுற்றிலும் கருங்கல் மலைகள், ஆறு கிடையாது, மழையோ எப்போதாவது. அந்த நீர் எங்கிருந்து வந்தது?

ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் ஹாஜிகளின் தாகத்தைக் கண்டு மனமிரங்கித் தம் சொந்தப் பொருளைக் கொட்டி ஒரு கால்வாய் அமைத்தார்கள். மலைப்பாங்கான நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாத் பக்கம் வரும் அந்தக் கால்வாயில் மோட்டார் இல்லை, மாடுகளும் இல்லை. நிலத்தின் சரிவை நூல் பிடித்தாற்போல் அளந்து, நீர் தன் எடையாலேயே இறங்கி வரும்படி கட்டினார்கள். இடையிடையே பழுது பார்த்துப் பார்த்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது ஹாஜிகளுக்கு நீர் தந்தது.

இன்று மக்காவுக்கு நீர் தருவது செங்கடல். ஜித்தாவுக்குத் தெற்கே ஷுஐபா என்னுமிடத்தில் கடல்நீர் நன்னீராகிறது. அங்கிருந்து குழாய் வழியே மக்காவுக்கும், அதற்கப்பால் மலைமேல் தாயிஃப் நகருக்கும் ஏற்றப்படுகிறது. தாயிஃப் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம் பிள்ளையின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க ஏட்டளவிலேயே 4.9 யூனிட், நல்ல பம்புகளைக் கொண்டே தூக்கினாலும் ஆறு யூனிட்டைத் தாண்டிவிடும். கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் செலவைவிட மலையேற்றும் செலவு அதிகம்! ரியாத் நகரிலும் இதே கதைதான். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் குளிக்கும் நீரில் பெரும்பகுதி, கிழக்குக் கரையிலுள்ள ஜுபைலிலிருந்து பாலைவனத்தைக் கடந்து அறுநூறு மீட்டர் உயரம் ஏறி வருகிறது.

வளைகுடா நாடுகள் தொடக்கத்தில் கடல்நீரைக் கொதிக்க வைத்தே நன்னீராக்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உதுமானியர் ஜித்தாவில் வைத்த இயந்திரத்தை ஊர்மக்கள் ‘கிந்தாஸா’ என்று அழைத்தார்கள். அண்மைக் காலத்தில் அந்நாடுகள் கொதிக்கவைக்கும் முறையை விட்டுச் சவ்வு முறைக்கு மாறி வருவதால் எரிபொருள் பெருமளவு மிச்சமாகிறது. எண்ணெய் ஊறும் பூமிக்கே இந்தச் சிக்கனம் தேவைப்படுகிறது.

வீட்டுக்குள் ஒரு கணக்கு

நீர் வீட்டை அடைந்ததோடு செலவு முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் சகோதரிகள் வியக்கப் போகிறார்கள். குளிப்பதற்கு ஒரு வாளி, இருபது லிட்டர் நீரை வெதுவெதுப்பாக்க, அதாவது பதினைந்து பாகை வெப்பம் ஏற்ற, 0.35 யூனிட் மின்சாரம் ஆகிறது. அதே ஒரு வாளி நீரைக் கடலிலிருந்து உப்பு நீக்கி எடுக்க ஆன செலவோ 0.07 யூனிட்தான். கடலைக் குடிநீராக்குவதைப் போல் ஐந்து மடங்கு, குளியலறையின் ‘கெய்சர்’ கேட்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை 2008-ல் கணக்கெடுத்தபோது, நீர் தொடர்பாக வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வீட்டுக்குள்ளேயே, பெரிதும் நீரைச் சூடாக்குவதிலேயே பிறக்கிறது என்று கண்டார்கள். அது குளிர் நாடு. நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நம் பிள்ளைகளும் சித்திரை வெயிலில் சுடுநீர் கேட்கப் பழகிவிட்டார்களே! மாடியில் வெயில் கொட்டும் வீட்டில் சூரிய அடுப்புத் தொட்டி வைத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. குடிப்பதற்கு நீரைக் காய்ச்சுவது வேறு விஷயம். அது ஆரோக்கியத்துக்காக, அதை யாரும் நிறுத்த வேண்டாம். பாத்திரத்தை மூடிக் காய்ச்சுங்கள், அது போதும்.

அடுத்தது ஆர்.ஓ. இயந்திரம். ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று குடம் நீரை அது வெளியே தள்ளுகிறது. அறுநூறு அடி ஆழத்திலிருந்து தூக்கிய நீரை நேரே சாக்கடைக்கு அனுப்புவதற்கு நாமே பணம் கட்டுகிறோம். உப்பில்லாத ஊர்களில் இந்த இயந்திரம் தேவையே இல்லை. ஆனால் விற்பவர் அதைச் சொல்வதில்லை. உப்பு உள்ள ஊரில் அது அவசியம்தான். அங்கே வெளித்தள்ளும் நீரை ஒரு வாளியில் பிடித்தால் தரை கழுவ, கழிவறைக்கு உதவும்.

ஒளூவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதி திறந்த குழாயில் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் ஓடும். இரண்டு நிமிடம் திறந்து வைத்து ஒளூச் செய்தால் 12 லிட்டர். ஐவேளைக்கு 60 லிட்டர். ஐந்து பேர் கொண்ட வீட்டில் 300 லிட்டர். முதலில் சொன்ன 675 லிட்டரில் ஏறக்குறையப் பாதி இதிலேயே போய்விடுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளூச் செய்ததாகப் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியிருப்பதை நாம் அறிவோம். இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு அது. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டர் எனலாம். மத்ஹபுகளிடையே அளவில் சிறு வேறுபாடு உண்டு. அந்த நாள் பள்ளிவாசல்களின் ஹவுளில் அமர்ந்து கையால் அள்ளிச் செய்தபோது ஒரு சொட்டும் வீணாய் ஓடியதில்லை. ஹவுளை மூடிக் குழாய் வரிசை வைத்தபோது, ஜமாஅத்தார் எவரும் நீர்க்கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. வீட்டில் இன்னும் கெண்டி வைத்திருக்கும் பெரியவர்களைக் கேலி செய்யும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மூடிய கிணறு

ஆனால், நேயர்களே, நான் மேலே சொன்ன மூன்று வீடுகளை மறந்துவிடாதீர்கள். 3 யூனிட் வீடு எப்படி 26 யூனிட் வீடாகிறது? அது எப்படி 70 யூனிட் வீடாகிறது? குழாயை இறுக்கி மூடுவதால் மிச்சமாவதைவிட இந்தப் படியேற்றத்தைத் தடுப்பதால் மிச்சமாவது பன்மடங்கு அதிகம்.

நம்மவர்கள் பெருவாரியாக வாழ்வது கடற்கரை ஊர்களில். கரையோர மணலுக்குள் ஓர் அதிசயம் இருக்கிறது. மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகவே அது உள்ளே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவும் உப்புநீரின் மேல் எண்ணெயைப்போல் மிதந்து நிற்கிறது. ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் நூறாண்டுக்கு முன்பே தனித்தனியாக இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேலே ஓர் அடி குறைத்துவிட்டால், கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரும். அதனால்தான் கடலுக்கு ஐந்நூறு கெஜத்தில் இருந்த கிணறுகள் தலைமுறை தலைமுறையாக இனித்தன. கயிறும் வாளியும் அந்த ஓர் அடியைத் தொடவில்லை. போர் இறக்கியவுடன் ஐந்தாறு ஆண்டுகளில் ஊரே உவர்ப்பானது.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. முற்றத்துக் கிணற்றை, தங்கையின் நிக்காஹ் நேரத்தில் பந்தலுக்கு இடம் வேண்டும் என்று பலகைக்கல் போட்டு மூடினோம். பக்கத்தில் போர் இறக்கினோம். நான்காண்டு நல்ல நீர். பிறகு தேநீர் திரிந்தது. பிறகு பித்தளைக் குழாய்கள் பச்சை பூத்தன. ஆர்.ஓ. இயந்திரம் வாங்கினோம். பிறகு காவிரி நீருக்காகத் தெருக்குழாயில் வரிசை நின்றோம். திருச்சிப் பக்கம் ஆற்றிலிருந்து எடுத்து இராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்கள் வரை தள்ளி வருகிறார்களே, அந்த நீர். மூடிய கிணறு மட்டும் யார் நினைவிலும் வரவில்லை. அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தோம்.

2003-ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது நாங்களும் ஒரு குழி தோண்டினோம். சட்டத்துக்காகத் தோண்டிய குழி அது. இரண்டே பருவத்தில் மண் மூடிவிட்டது. பல வீடுகளில் இன்றும் அதே நிலைதான் என்பதைச் சற்று வெளியே சென்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் குழிகளைத் தூர்வாரிச் சல்லியை மாற்றுவதற்கு ஒரு கொத்தனாரின் அரை நாள் கூலிதான் ஆகும். மாடியில் விழும் மழையைத் திறந்த கிணற்றுக்கே வடிகட்டி விட்டால் இன்னும் நல்லது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் இரண்டாயிரத்து முன்னூறு லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதைத் தூக்கிக் கொடுத்தது சூரியன். நமக்குக் கட்டணச் சீட்டு அனுப்பவில்லை.

சென்ற ஐப்பசிக்கு முன் என் தம்பியும் நானும் பலகைக்கல்லைப் புரட்டினோம். உள்ளே பழைய செருப்பு, உடைந்த மண்சட்டி, ஒரு குழந்தையின் பந்து. தூர்வாரி முடித்து, மாடிக் குழாயை மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றோடு இணைத்தோம். மழை முடிந்தபோது இருபதடியில் நீர் நின்றது. முன்போல் இனிக்கவில்லை, வாயில் வைத்தால் உவர்ப்பு நாக்கில் நிற்கிறது. இன்னும் இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும் என்று கிணறு வெட்டும் முதியவர் ஒருவர் சொன்னார். குடிப்பதற்கல்லாத தேவை எல்லாவற்றுக்கும் இப்போதே அதைப் பயன்படுத்துகிறோம். போர் மோட்டார் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறது.

கல்லைப் புரட்டிய அன்று உம்மா முற்றத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். “வாளியும் கயிறும் எங்கே?” என்று கேட்டார்கள். வீட்டில் இரண்டும் இல்லை. கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தோம்.